ஊருக்குப் போகும் முன் போனில் எடுத்து வைக்க வேண்டிய ஸ்கிரீன்ஷாட்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறீர்கள் என்றால், விமானம் தரையிறங்கியதும் கையில் இருக்கும் வெளிநாட்டு சிம் ரோமிங்கில் காசைக் கரைக்கும், இல்லாவிட்டால் சிக்னலே காட்டாது. பல விமான நிலையங்களில் வைஃபைக்குள் நுழைய ஓடிபி கேட்பார்கள். அந்த ஓடிபி வருவதற்கும் சிம் வேலை செய்ய வேண்டும். இதற்கிடையில் குடிவரவு வரிசையில் தங்கப்போகும் முகவரியைக் கேட்பார்கள். அது மின்னஞ்சலில் ஏதோ ஓர் இணைப்பில் கிடக்கும், திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இணையம் இல்லாத அந்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்காகத்தான் ஸ்கிரீன்ஷாட்.

விசா அனுமதிக் கடிதம், போக வர டிக்கெட், பயணக் காப்புறுதியின் எண்ணும் அவசரத் தொலைபேசி எண்ணும், அழைத்துப்போக வருபவரின் எண் நாட்டுக் குறியீட்டோடு: இவை கட்டாயம். முகவரியை ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என இரண்டாக எடுங்கள். முதலாவது படிவம் நிரப்ப, இரண்டாவது வண்டி ஓட்டுபவரிடம் காட்ட. விசாக் கடிதத்தை மட்டும் காகிதத்திலும் அச்சிட்டு வையுங்கள். நீண்ட பயணத்தின் முடிவில் பேட்டரி தீர்ந்துபோன போனில் எந்தப் படமும் உதவாது.

வரைபடத்துக்கு ஸ்கிரீன்ஷாட் அரைகுறைத் தீர்வுதான். கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியை ஆஃப்லைனாக இறக்கி வைப்பது மேல். டேட்டா இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், நீங்கள் நிற்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரியும். ஆனால் கடைசி ஒழுங்கையை எந்த வரைபடமும் சரியாகச் சொல்லாது. அதற்கு உறவினர் அனுப்பிய இடக்குறியைத் தூரத்தில் ஒரு தடவை, கிட்டத்தில் ஒரு தடவை எடுத்து வையுங்கள்.

இனி எடுக்கும் முறை. ஃபேஸ் ஐடி உள்ள ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒலி கூட்டும் பட்டனையும் ஒன்றாக அழுத்திச் சட்டென்று விட வேண்டும். விடுவதுதான் முக்கியம். பிடித்துக்கொண்டே இருந்தால் போனை அணைக்கும் திரை வரும், அங்கே அவசர அழைப்பும் காத்திருக்கும். முகப்புப் பட்டன் உள்ள பழைய ஐபோனில் அந்தப் பட்டனும் பவர் பட்டனும்.

ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் பவர் பட்டனும் ஒலி குறைக்கும் பட்டனும். ஐபோன் பழகிய கை தானாக ஒலி கூட்டும் பட்டனுக்குப் போகும், பிக்சல் போன்ற போன்களில் அப்போது அணைக்கும் மெனு வந்து நிற்கும். வெளிநாட்டில் வருடக்கணக்காக ஐபோனையே வைத்திருந்துவிட்டு ஊரில் சித்தப்பாவின் ஆண்ட்ராய்டை வாங்கிப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

பட்டன் இல்லாமலும் எடுக்கலாம். சியோமி, ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களில் மூன்று விரல்களைத் திரையில் வைத்துக் கீழே இழுத்தால் போதும். மோட்டோரோலாவில் மூன்று விரல்களை வைத்துச் சற்று அழுத்திப் பிடிக்க வேண்டும். சாம்சங்கில் உள்ளங்கையின் ஓரத்தைத் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தேய்க்கலாம். அது வேலை செய்யாவிட்டால் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ் பகுதிக்குள் தேடிப் பார்த்து இயக்குங்கள். ஐபோன் 8 முதலான மாடல்களில், ஐஓஎஸ் 14 வந்த 2020இலிருந்து, போனின் முதுகை இரண்டு முறை தட்டினாலே படம் எடுக்குமாறு வைக்கலாம். செட்டிங்ஸ், அக்செசிபிலிட்டி, டச், பேக் டேப் என்ற வழியில் போனால் கிடைக்கும். கனமான உறை போட்டிருந்தால் சில தட்டு பலிக்காது, சில வேளை பையில் கிடக்கும்போதே தானாக எடுத்தும் வைக்கும். அதனால் எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை, பட்டனே நம்பகம்.

பட்டன் தேய்ந்துபோன பழைய போன் வீட்டுப் பெரியவர்களிடம் நிறைய இருக்கும். அவர்களுக்கு ஆண்ட்ராய்டில் மேலிருந்து இழுக்கும் பலகையில் ஸ்கிரீன்ஷாட் கட்டத்தைச் சேர்த்துக் கொடுங்கள். ஐபோன் என்றால் அசிஸ்டிவ் டச் என்ற மிதக்கும் வட்டத்தை இயக்கி, அதில் ஸ்கிரீன்ஷாட்டை வையுங்கள். ஊரில் நிற்கும்போதே இரண்டு மூன்று தடவை அவர்கள் கையாலேயே எடுக்க வையுங்கள். நீங்கள் திரும்பிய பிறகு "போனில் ஏதோ எழுதி வருது" என்று அழைப்பு வரும். அப்போது அதை வாசித்துக் காட்டச் சொல்லி அரை மணி நேரம் போராடுவதைவிட ஒரு படம் அனுப்பச் சொல்வது இரு பக்கத்துக்கும் நிம்மதி.

நீளமான பக்கங்கள் ஒரே திரைக்குள் அடங்காது. ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில், படம் எடுத்தவுடன் கீழே தோன்றும் சிறு பட்டியில் மேலும் பிடிக்கும் தெரிவு இருக்கும். சாம்சங்கில் இரண்டு அம்புக்குறிகள் கீழ்நோக்கிக் காட்டும். ஐபோனின் சஃபாரியில் படம் எடுத்ததும் அந்தச் சிறு படத்தைத் தொட்டு, ஃபுல் பேஜ் என்பதைத் தேர்ந்தால் முழுப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். அது ஃபோட்டோஸில் இல்லாமல் ஃபைல்ஸில் போய் உட்காரும் என்பதை நினைவில் வையுங்கள், அவசரத்தில் தேடும்போது அங்கேயும் பாருங்கள்.

சில வேளை எடுத்த படம் முழுக் கறுப்பாக இருக்கும், அல்லது அனுமதியில்லை என்று செய்தி வரும். போன் பழுதில்லை. வங்கிச் செயலிகள் பல தாமே இதைத் தடுத்துவைத்திருக்கின்றன. ஆண்ட்ராய்டு குரோமின் மறைநிலைத் தாவலும் (இன்காக்னிட்டோ) வாட்ஸ்அப்பில் ஒரு முறை மட்டும் பார்க்கும் படங்களும் அப்படியே. அதற்குக் குறுக்குவழி தேடாதீர்கள், தேவையான எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸின் கியூஆர் பொதுவாக ஸ்கிரீன்ஷாட்டிலிருந்தே வேலை செய்யும், திரை வெளிச்சத்தை மட்டும் கூட்டுங்கள். சில வகை டிக்கெட்டுகளில் குறியீடு சில விநாடிக்கு ஒருமுறை மாறும், அவற்றுக்குப் பழைய படம் பயன்படாது.

இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம்) வாங்கியிருந்தால் இன்னொரு சிக்கல். அதன் கியூஆர் உங்கள் மின்னஞ்சலில், அதே போனில் இருக்கும். தன் திரையைத் தானே எப்படி ஸ்கேன் செய்வது? படமாக எடுத்து வைத்தால், இசிம் சேர்க்கும் இடத்தில் கேலரியிலிருந்து தேர்வு செய்யும் வசதி புதிய போன்களில் உண்டு. ஆனால் அதை நிறுவுவதற்கே இணையம் தேவைப்படும். வீட்டில் வைஃபை இருக்கும்போதே நிறுவிவிட்டுப் புறப்படுங்கள். அந்தக் கியூஆரை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

"ஊருக்குப் புறப்பட்டாச்சு" என்று போர்டிங் பாஸைப் பகிர்வது வழக்கம். அதன் குறியீட்டில் உங்கள் பெயரும் டிக்கெட்டின் பதிவெண்ணும் (பிஎன்ஆர்) இருக்கும். அந்த இரண்டையும் வைத்து ஒருவர் உங்கள் பயணப் பதிவை இணையத்தில் திறந்துவிடலாம், இருக்கையை மாற்றலாம், சில வேளை டிக்கெட்டையே மாற்றலாம். மறைப்பதானாலும் போனில் படத்தைத் திருத்தும் இடத்தில் உள்ள மார்க்கர் பேனாவால் கிறுக்காதீர்கள். அந்த மை முழுக்க மறைக்காது, வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ள எழுத்து தெரிந்துவிடும். உள்ளே நிரப்பிய பெட்டியைப் போடுங்கள், அல்லது அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். வெட்டுவதும் எப்போதும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. பிக்சல் போன்களில் வெட்டிய படத்திலிருந்து நீக்கிய பகுதியை மீட்க முடியும் என்று 2023இல் தெரியவந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் அது சரிசெய்யப்பட்டது, ஆனால் அதற்கு முன் அனுப்பப்பட்டவை அனுப்பப்பட்டவைதான்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சிறிய எழுத்துகள் மங்கிப்போகும். டாக்குமெண்டாக அனுப்பினால் தெளிவு குறையாது. விசாக் கடிதத்தை வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் இப்படி அனுப்பி வையுங்கள், போன் தொலைந்தால் கைகொடுக்கும்.

எல்லாம் எடுத்தபின் பயணம் என்று ஓர் ஆல்பம் உருவாக்கி அவற்றைப் போடுங்கள். வரிசையில் நிற்கும்போது மூவாயிரம் படங்களுக்குள் துழாவ முடியாது. ஐபோனில் சேமிப்பிடத்தை மிச்சப்படுத்தும் வசதி இயங்கினால், பழைய படங்களின் முழு அளவு ஐகிளவுட்டில் மட்டும் இருக்கலாம். இணையம் இல்லாமல் திறந்தால் மங்கலாகத் தெரியும். ஆகவே புறப்படும் நாளன்று ஏரோபிளேன் மோடில் போட்டு ஒவ்வொன்றையும் திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள். கூகுள் ஃபோட்டோஸில் ஸ்கிரீன்ஷாட் கோப்புறை தானாகப் பிரதி எடுக்கப்படாமல் இருக்கலாம், அதையும் சரிபாருங்கள்.

கடவுச்சீட்டுப் பக்கத்தின் படம் இருந்தால் அதைப் பொது ஆல்பத்தில் விடாதீர்கள். ஐபோனின் மறைக்கப்பட்ட ஆல்பத்திலோ கூகுள் ஃபோட்டோஸின் பூட்டிய கோப்புறையிலோ போடுங்கள். ஊரில் பிள்ளைகள் விளையாட்டுப் பார்க்க உங்கள் போனைக் கேட்பார்கள், உறவினர்கள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு பார்ப்பதில்லை, இருந்தாலும் கடவுச்சீட்டு எண் அந்தக் கூட்டத்தில் சுற்ற வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் இவற்றை அழிக்கும்போது ரீசைக்கிள் பகுதியையும் காலி செய்யுங்கள். ஐபோனில் அழித்த படம் 30 நாள் வரை அங்கேயே இருக்கும், கூகுள் ஃபோட்டோஸில் பிரதி எடுக்கப்பட்டதாக இருந்தால் 60 நாள்.