பழைய மொரிஸ் மைனரை மலைப்பாதையில் இறக்குவது எப்படி: முதலில் பிரேக், பிறகுதான் எஞ்சின்

பழைய கார் வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் பெட்டரியைக் கொழுவி, எஞ்சின் பிடிக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மலைநாட்டில் அந்த வரிசை சரிவராது. சமதரையில் பிரேக் இல்லாத கார் எங்காவது உருண்டு நின்றுவிடும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் ஏ5 வீதியில் அப்படி உருண்டு நிற்க இடமில்லை. ஆகவே இங்கே எஞ்சின் வேலை பின்னால்தான் வரும்.

நான் சொல்வது மொரிஸ் மைனர் 1000-ஐ வைத்து. 1948-ல் அறிமுகமான மைனரின் 1956-க்குப் பிந்தைய வடிவம் இது. முன்கண்ணாடி நடுவில் பிரியாமல் ஒரே துண்டாக இருக்கும். எஞ்சின் 948 சீசீ, 1962-க்குப் பிறகு 1098 சீசீ. ஒஸ்டின், ஹில்மன் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். சாமான்கள் இருக்கும் இடம் மாறும்.

புத்தகம்

காரைத் தொடுவதற்கு முன் வாகனப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகடு போட்ட பல கார்களுக்கு இடையில் எஞ்சின் மாற்றியிருப்பார்கள். அது புத்தகத்தில் ஏறாமல் இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். பிறகு உரிமை மாற்றம், காப்புறுதி, புகைப் பரிசோதனை. வருமான அனுமதிப்பத்திரம் கையில் வரும்வரை பொது வீதியில் ஓட்ட வேண்டாம்.

ஸ்பேனர்

இந்தக் காரின் நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துகிற மாதிரி இருக்கும், இறுக்கமான நட்டில் மூலையை உருட்டிவிடும். ஒரு செட் அங்குல ரிங் ஸ்பேனரும், பிரேக் குழாய் நட்டுக்கென்று வாய் வெட்டிய ஸ்பேனரும் வாங்குங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் பிரேக் குழாய்ப் பக்கம் கொண்டுபோகவே கூடாது என்பது என் கட்சி. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். இரண்டு ஸ்டாண்ட், பின் சில்லுக்கு மரக்கட்டை, இவை இல்லாமல் வேலை தொடங்க வேண்டாம். எங்கள் பக்கத்து முற்றம் எதுவும் மட்டமாக இருப்பதில்லை.

சாமான் பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். 1990-களில் காலிப் பக்கம் மைனருக்கான தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். இந்தக் காருக்குச் சாமான் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிரேக்

நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக். எல்லாம் ஒரே குழாய் வழி. எங்காவது ஒரு ரப்பர் விட்டால் நான்கு சில்லிலும் ஒன்றாகப் போய்விடும், ஹேண்ட்பிரேக் மட்டுமே மிஞ்சும். அதனால் நீண்ட காலம் நின்ற காரில் ரப்பர் சாமான் ஒன்றையும் விட்டுவைக்காமல் மாற்றுங்கள்: முன் சில்லுக்கு இரண்டிரண்டு வீல் சிலிண்டர், பின்னால் ஒவ்வொன்று, ரப்பர் ஹோஸ் மூன்று. வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை அமத்தினால் பிரேக் ஒயில் போகும், விட்டால் திரும்பி வராது, சில்லு பிடித்தபடியே சூடாகும்.

டிரம்மைக் கழற்றியதும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

இனி மாஸ்டர் சிலிண்டர், பெடலை அமத்தும்போது ஒயிலை எல்லாச் சில்லுக்கும் தள்ளும் பாகம். இதில்தான் என் வேலை நின்றுபோனது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மற்ற கார்களில் பொனட்டைத் திறந்தால் தெரியும். மைனரில் அது சாரதியின் காலடியில், செசிக் காலுக்குள் (அடிச்சட்டத்தின் நீளச் சட்டத்துக்குள்) இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் ஒரு தகட்டு மூடி, அதற்குக் கீழே ஒயில் ஊற்றும் மூடி. மழைக்காலத்தில் சப்பாத்து நீரும் சேறும் சேருகிற இடம் அது. மூடியைத் திறக்கும் முன் பிரஷ்ஷால் சுத்தமாக்கித் துடையுங்கள். ஒரு துளி மண் உள்ளே போனாலும் புது ரப்பரைக் கீறிவிடும்.

சிலிண்டரைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டுகளின் நட் எளிதாகக் கழன்றுவிடும். போல்ட்டைத் தட்டினால் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும். துரு என்று நினைத்து மேலும் மேலும் அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள். பக்கத்தில் ஓடுகிற டோர்ஷன் பாரில் போல்ட் முட்டுகிறது. அந்த பார்தான் முன்பக்கத்து ஸ்பிரிங், காரின் முன்பக்கத்து எடை அதில் முறுக்கேறி நிற்கிறது. அதைத் தளர்த்துவது தனியாளாகச் செய்யும் வேலையில்லை, அனுபவமுள்ள மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூப்பிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கமிருந்து போடச் சொல்லுங்கள். அடுத்த முறை டோர்ஷன் பாரைத் தொடாமலே கழற்றலாம்.

பூட்டிய பிறகு பெடலை விரலால் தள்ளிப் பாருங்கள். பெடலின் தடி சிலிண்டருக்குள் உள்ள பிஸ்டனைத் தொடுமுன் சிறிது வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒயில் திரும்பும் துளை அடைபட்டு, ஓட ஓடப் பிரேக் தானாக இறுகும்.

பிரேக் ஒயில் டொட் 4 மட்டும், புதிய டின். இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155 பாகை வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி ஒயில் கொதித்தால், குழாயில் ஆவி நிரம்பி, பெடல் தரைவரை போகும். எங்கள் பனியிலும் தூறலிலும் திறந்துவைத்த டின்னை மறுபடி பாவிக்க வேண்டாம்.

குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் (எயார் எடுக்கும்) முன், ஷூவை டிரம்முக்கு நெருக்கும் எல்லா அட்ஜஸ்டரையும் ஷூ டிரம்மில் முட்டும்வரை இறுக்குங்கள். பிஸ்டன் குறைவாக நகரும், காற்று சீக்கிரம் வெளியேறும். சில்லைக் கையால் சுழற்றி, டிரம்மிலுள்ள ஓட்டை நேராக வந்தால் அட்ஜஸ்டர் தெரியும். தூரத்துச் சில்லிலிருந்து தொடங்குங்கள்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். தனியாகச் செய்யும் கருவிகள் விற்கிறார்கள். எனக்குப் பெடலில் ஓர் ஆள் இருப்பதுதான் பிடிக்கும். என் தம்பியை உட்கார வைத்தேன்.

"அமத்து."

"அமத்திட்டேன் அண்ணே."

"விடாத... இப்ப விடு."

சில்லில் காற்றை வெளியே விடும் நிப்பிளை மூடாமல் "விடு" சொல்லக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். முதலில் வந்த ஒயில் பிளேன் டீ நிறத்தில் இருந்தது, அடியில் கறுப்புத் துகள். நிறம் தெளிந்து, போத்தலில் குமிழி நின்றபிறகும் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். முடிந்ததும் அட்ஜஸ்டர்களைச் சில்லு தடையின்றிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

முன்சில்லு

முன்பக்கம் கீழே உள்ள டிரனியன் தேய்ந்தால் சில்லு அப்படியே மடிந்துவிடும். மரையில் திரும்புகிற பாகம் அது, கிரீஸ் இல்லாமல் தேயும். சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள். கிரீஸ் அடிக்கும்போதும் சில்லு தரையில் படாமல் இருக்கட்டும், அப்போதுதான் பாரம் தாங்கும் பக்கத்துக்கு கிரீஸ் போகும். டயர் பட்டை எவ்வளவு இருந்தாலும் பக்கவாட்டு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். பத்து வருடம் தாண்டிய டயரோடு ஈர வீதிக்கு வர வேண்டாம்.

எஞ்சின்

சுருக்கமாகவே சொல்கிறேன், இதற்கு எல்லாக் கராஜிலும் ஆள் உண்டு. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது ஒயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். எஞ்சின் ஒயில் 20-50 புதிதாக ஊற்றுங்கள். ஒயில் லைட் அணையும்வரை பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரில் சுற்றிவிட்டு, பிறகு பற்றவையுங்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. அது அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் வால்வு சீட் தேய்கிறது என்று அர்த்தம்.

கொழும்பில் டியூன் பண்ணிய கார் நுவரெலியாவில் கரும்புகை கக்கினால் பதறாதீர்கள். ஏறத்தாழ 1868 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது, அதே பெட்ரோல் அதிகமாகிவிடும். கார்பரேட்டரை இங்கேயே செட் பண்ணுங்கள். அந்த உயரத்தில் திறந்த தண்ணீர் 94 பாகைக்கு அருகிலேயே கொதிக்கும், அதனால் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருக்க வேண்டும்.

முதல் ஓட்டம்

தோட்டத்து மட்டப் பாதையில் ஆள் நடக்கும் வேகத்தில் தொடங்கி, நிறுத்திப் பாருங்கள். பெடல் பஞ்சுபோல் இருந்தால் காற்று. இரண்டு தரம் அமத்தினால்தான் உயர்கிறது என்றால் அட்ஜஸ்ட்மெண்ட். அமத்திப் பிடித்திருக்க மெதுவாக இறங்கினால், வெளியே ஒழுக்கு இல்லையா என்று பார்த்துவிட்டு மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகியுங்கள். பிறகு ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் பிடித்து நிற்கிறதா என்று பாருங்கள், கட்டையோடு ஓர் ஆள் பக்கத்தில் நிற்கட்டும்.

இறக்கத்துக்கு ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மைனரின் ஃபர்ஸ்ட் கியருக்கு சின்க்ரோ (ஓடும்போது கியர் பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பாகம்) கிடையாது. பாதி இறக்கத்தில் வேகம் கூடியபின் ஃபர்ஸ்டுக்கு மாற்றலாம் என்று எண்ணினால் பல் கரகரக்கும், கியர் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். இறக்கம் தொடங்கும் முன்பே செகண்ட் போடுங்கள். மிகச் செங்குத்து என்றால் மேலேயே காரை நிறுத்தி, ஃபர்ஸ்ட் போட்டு இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது எந்தக் காரிலும் ஆபத்து, இதில் இன்னும் ஆபத்து. நானுஓயா அருகிலுள்ள ரதல்ல குறுக்கு வீதியை முதல் மாதங்களில் விட்டுவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

பெட்டரி கொழுவியதும் வயர் புகைகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். இந்தக் கார்கள் வந்தபோது பெட்டரியின் பொசிட்டிவ் முனைதான் காரின் பொடியில் (உலோக உடலில்) பூட்டப்பட்டிருந்தது. இடையில் சிலர் மாற்றியிருப்பார்கள், சிலர் மாற்றவில்லை. பழைய பெட்டரி இருந்த கோலத்தைப் பார்க்காமல் புதியதைக் கொழுவாதீர்கள். ரேடியோ, புதிய ஹோர்ன் ஏதாவது சேர்த்திருந்தால் அது எந்த முனைக்கு ஏற்றது என்றும் பாருங்கள்.

இன்னொருவர் பனிமூட்டத்தில் லைட் மங்கி பெட்டரி இறங்குவதைக் கேட்டிருந்தார். பழுதாக இருக்க வேண்டியதில்லை. டைனமோ ஐட்லிங்கில் போதிய அளவு சார்ஜ் பண்ணாது. லைட்டும் வைப்பரும் போட்டு ஹட்டன் டவுன் நெரிசலில் ஊர்ந்தால் பெட்டரிதான் இறங்கும். நிற்கும்போது ஹெட்லைட்டைக் குறைத்து, எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள்.