பிக்கப் டிரக்குக்கு எஞ்சின் ட்யூனர்: பணம் கொடுப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களில் பலர், முதன்முறையாக ஒரு கனமான டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலைச்சாலை ஏறிய பிறகுதான் எஞ்சின் ட்யூனரைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு இணைவதற்கென உள்ள ஓபிடி-2 போர்ட்டில் செருகிச் சில நிமிடங்கள் காத்திருந்தால், அதே எஞ்சின் கூடுதல் வேகத்தோடு புறப்படும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் வண்டிக்குள் என்ன மாறுகிறது என்று தெரியாமல் செருகுகிறவர்களே பின்னர் கியர்பாக்ஸுக்கும் டர்போவுக்கும் செலவழிக்கிறார்கள்.

எஞ்சினை ஆளும் கணினியான இசியூவுக்குள் அட்டவணைகள் பல இருக்கின்றன. எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும், தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம், கியர் எப்போது மாற வேண்டும், டார்க் என்ற சுழற்றும் விசை எந்த அளவைத் தாண்டக் கூடாது என்பவை எல்லாம் அங்கே எண்களாகப் பதிந்திருக்கின்றன. அரிசோனாவின் கோடையிலும் அலாஸ்காவின் குளிரிலும், மட்டமான எரிபொருளிலும், ஆயில் மாற்றத் தவறுகிற உரிமையாளரிடமும் வண்டி ஓட வேண்டும் என்பதால், தொழிற்சாலை இந்த எண்களை எல்லைக்குச் சற்று உள்ளேயே நிறுத்திவைக்கிறது. ட்யூனர் புதிதாக எந்த வலிமையையும் உண்டாக்குவதில்லை. தொழிற்சாலை ஒதுக்கிவைத்த அந்த இடைவெளியிலிருந்து ஒரு பகுதியை எடுத்துத் தருகிறது. உங்கள் வண்டியில் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் எடுப்பதுதான் கீழே சொல்லப்படும் தவறுகள் அனைத்திற்கும் வேர்.

எல்லா எஞ்சினும் ஒரே அளவு பயன் தரும் என்று நம்புவது அவற்றுள் முதலாவது. 2011-ஆம் ஆண்டு மாடலில் ஃபோர்டு எஃப்-150-இல் அறிமுகமான 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் எஞ்சின், இரண்டு டர்போக்களின் துணையோடு 365 குதிரைத்திறனும் 420 பவுண்டு-அடி டார்க்கும் தந்தது. இத்தகைய எஞ்சினில் டர்போ தரும் பூஸ்ட் அழுத்தத்தைக் கூட்டினாலே உள்ளே போகும் காற்றும் எரிபொருளும் கூடிவிடுவதால், ட்யூனின் விளைவை ஓட்டுநர் முதுகிலேயே உணரலாம். அதே வண்டியில் வரும் 5.0 லிட்டர் வி8 எஞ்சினுக்கு டர்போ கிடையாது. தீப்பொறியின் நேரத்தையும் எரிபொருள் விகிதத்தையும் சற்று நகர்த்தலாமே தவிர, காற்றை அழுத்தி உள்ளே தள்ள வழியில்லை. ஆகவே கிடைக்கும் ஆதாயமும் சிறியதாகவே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியிலும் ட்யூன் போட்ட மறுநாள் பெரிய மாற்றம் தெரிவதாகப் பலர் சொல்வதற்குக் காரணம், ஆக்ஸிலரேட்டர் பெடலின் அட்டவணை மாற்றப்பட்டிருப்பதுதான். முன்பு பாதி மிதித்தால் திறந்த த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் வழியின் வால்வு) இப்போது கால்வாசி மிதித்தாலே திறக்கிறது. முழுவதும் மிதித்தால் கிடைக்கும் திறன் ஏறத்தாழப் பழையதே. இது வேண்டாத மாற்றம் என்று நான் சொல்லவில்லை, நகரத்துக்குள் ஓட்டுவதற்கு இதமாகவே இருக்கும். ஆனால் அதைக் குதிரைத்திறன் என்று எண்ணிப் பணம் கொடுக்கக் கூடாது. ட்யூன் போடுவதற்கு முன்பே ஒரு நாள், ஒரே சாலையில், ஒரே அளவு எரிபொருளோடு வண்டியின் வேகமெடுப்பை அளந்து குறித்துவைத்தால், பிறகு கிடைத்தது எவ்வளவு என்பதை நீங்களே அறிந்துகொள்ளலாம்.

இருபது, முப்பது டாலருக்கு விற்கப்படும் ‘சிப்’ என்ற பெயர்கொண்ட பொருள்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மின்னணுவியல் தெரிந்தவர்கள் திறந்து பார்த்த பலவற்றில் மினுக்கும் விளக்குகளுக்கு அப்பால் இசியூவோடு பேசக்கூடிய எதுவும் இல்லை.

எரிபொருள் விஷயத்தில் நேரும் தவறு இதைவிட ஆபத்தானது. பெரும்பாலான ட்யூனர்கள் ஒரே எஞ்சினுக்கு 87, 91, 93 என்று ஆக்டேன் (எரிபொருள் தானாக வெடிக்காமல் தாங்கும் தரம்) வாரியாகத் தனித்தனி ட்யூன்களைத் தருகின்றன. இங்கே அமெரிக்க பம்புகளில் எழுதியிருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்பதை இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் சாதாரண பெட்ரோலுக்குச் சொல்லப்படும் 91 என்பது ‘ரான்’ என்ற அளவை; அமெரிக்க பம்பில் உள்ள 87 என்பது ரான், மான் என்ற இரண்டு அளவைகளின் சராசரி. இரண்டும் ஏறத்தாழ ஒரே தரம்தான். ஆகவே ஊரில் போட்ட 91 தானே என்று நினைத்து 91 ட்யூனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விலை குறைவு என்பதற்காக 87 நிரப்பினால், எஞ்சின் கேட்கும் எரிபொருள் ஒன்றாகவும் தொட்டியில் இருப்பது வேறாகவும் ஆகிவிடும். ஆக்டேன் குறைந்த எரிபொருள், அழுத்தமும் வெப்பமும் கூடும்போது ஒழுங்காக எரிந்து பரவாமல் சிலிண்டருக்குள் அங்கங்கே தானாக வெடிக்கிறது. இதைத்தான் நாக் என்கிறோம். நாக் சென்சார் அதைக் கேட்டவுடன் இசியூ தீப்பொறியைத் தள்ளிப்போட்டு எஞ்சினைக் காக்க முயலும் என்றாலும், அந்தக் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. ட்யூன் மூலம் பூஸ்ட் கூட்டப்பட்ட எஞ்சினில், வெயில் நேரத்தில், டிரெய்லரோடு மேடேறும்போது அந்த எல்லை வெகு விரைவில் வந்துவிடும். கலிஃபோர்னியாவில் பிரீமியம் என்பது பெரும்பாலும் 91 மட்டுமே, கொலராடோ போன்ற உயரமான மாநிலங்களில் ரெகுலரே 85 ஆகவும் இருக்கும் என்பதால், 93 ட்யூன் போட்டுக்கொண்டு நெடும்பயணம் கிளம்புகிறவர் வழியில் எந்த எரிபொருள் கிடைக்கும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். கிடைக்காது என்றால் புறப்படும் முன்பே தாழ்ந்த ட்யூனுக்கு மாற்றிவிடுவது நல்லது.

டீசல் டிரக்குகளில் நாக் இந்த வடிவில் வருவதில்லை. அங்கே பகை வெப்பம். ட்யூன் எரிபொருளைக் கூட்டும்போது, அதற்கு ஈடான காற்றை டர்போ தள்ளாவிட்டால் புகைபோக்கிக்குப் போகும் வாயுவின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அலுமினியம் உருகுவது சுமார் 660 டிகிரி செல்சியஸில் என்பதையும், பிஸ்டன்கள் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனவை என்பதையும் நினைவில் வைத்தால் இதன் தீவிரம் புரியும். தொடர்ந்து பாரம் இழுக்கும்போது டர்போவுக்கு முன்னால் சுமார் 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டை (ஏறத்தாழ 677 டிகிரி செல்சியஸ்) தாண்டவிடக் கூடாது என்பது டீசல் உரிமையாளர்களிடம் நீண்ட காலமாக வழங்கிவரும் கணக்கு. ஆயில் பிஸ்டனைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால்தான் அந்த அளவும் தாங்குகிறது. ஆகவே வாயுவின் வெப்பத்தையும் கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பத்தையும் திரையில் காட்டாத ட்யூனரை, பாரம் இழுக்கும் டீசல் வண்டிக்கு வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒவ்வோர் எஞ்சினுக்கும் பலவீனமான ஓர் இடம் இருக்கிறது. ட்யூன் அதைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும். 2003 முதல் 2007 வரை ஃபோர்டின் சூப்பர் டியூட்டி டிரக்குகளில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினில், பூஸ்ட் அழுத்தம் கூடும்போது சிலிண்டர்களின் மூடியான ஹெட்டை இறுக்கும் போல்ட்டுகள் நீண்டு கொடுத்து, இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் கசிவது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1998 நடுப்பகுதியிலிருந்து 2002 வரை டாட்ஜ் ராமில் வந்த 24 வால்வு கம்மின்ஸ் எஞ்சினின் விபி44 எரிபொருள் பம்ப், தன்னைக் குளிர்விக்கவும் உராய்வைக் குறைக்கவும் தன் வழியே ஓடும் டீசலையே நம்பியிருப்பதால், டாங்கிலிருந்து வரும் அழுத்தம் குறைந்தால் சீக்கிரமே பழுதாகிவிடும். ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் டீசல் எஞ்சினுடன் இணைந்து வந்த ஆரம்பகால ஐந்து கியர் ஆலிசன் கியர்பாக்ஸ், கிளட்சு தகடுகள் வழுக்குவதை உணர்ந்ததும் தன்னைத் தானே காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்து, ஒரே கியரில் நின்றுவிடும். உங்கள் எஞ்சினின் பெயரையும் ஆண்டையும் வைத்து அதன் பலவீனம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, முதலில் அதைச் சரிசெய்த பிறகே ட்யூனுக்குப் போக வேண்டும். பழைய ஸ்பார்க் பிளக், அழுக்கேறிய ஃபில்டர், எரிந்துகொண்டிருக்கும் செக் எஞ்சின் விளக்கு ஆகியவற்றோடு ட்யூன் போடுவதும் இதே வகைத் தவறுதான்.

திறன் கூடியதால் இழுக்கும் எடையும் கூடிவிட்டது என்று நினைப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கவலைப்படுகிறேன். ஒரு டிரக் எவ்வளவு இழுக்கலாம் என்பதை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. பிரேக், சட்டகம், பின் அச்சு, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச், டயர், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ட்யூனர் இவற்றில் ஒன்றையும் தொடுவதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எடை வரம்பு ட்யூனுக்குப் பிறகும் அப்படியே செல்லும். பாரம் இழுக்கும் நாளில் ட்யூனரில் உள்ள ‘டோ’ நிலைக்கு மாற்றிக்கொள்ளாமல், வெறும் வண்டிக்கென உள்ள உச்ச நிலையிலேயே போவது கியர்பாக்ஸைக் கெடுக்க மிகச் சுருக்கமான வழி. வேகக் கட்டுப்பாட்டை நீக்கும் வசதியையும் தொடாமல் விடுவதே நல்லது. அந்த வரம்பு பெரும்பாலும் டயரின் வேகத் தரத்தை ஒட்டியே வைக்கப்படுகிறது, ‘எஸ்’ தர டயரின் எல்லை மணிக்கு 112 மைல்.

சட்டம் பற்றியது அடுத்தது. டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர், யூரியாக் கரைசலால் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆர் ஆகிய மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றிவிட்டு, அவை இல்லாதது இசியூவுக்குத் தெரியாமல் இருக்க ஒரு ‘டிலீட்’ ட்யூன் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தின் 203-ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்குப் பாதுகாப்பாகாது. ஏறத்தாழ பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படி மாசுக்கட்டுப்பாடு நீக்கப்பட்டதாகவும், அவ்வண்டிகளின் ஆயுள் முழுவதும் 5,70,000 டன்னுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடு கூடுதலாக வெளியேறும் என்றும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் மதிப்பிட்டது. அந்தப் புகையைச் சுவாசிப்பது நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருப்பவர்களின் குழந்தைகள். இந்தச் சட்டம் சிறிய கடைகளோடு நின்றுவிடவில்லை. ராம் டிரக்குகளில் மென்பொருள் வழியே மாசுக்கட்டுப்பாட்டைத் தவிர்த்ததாக எழுந்த வழக்கில், கம்மின்ஸ் நிறுவனமே 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு 2023 டிசம்பரில் உடன்பட்டது. மாசுக்கட்டுப்பாட்டைத் தொடாமல் திறனைக் கூட்டும் ட்யூனர்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியா காற்று வள வாரியம் ஒப்புதல் தந்த உத்தரவின் எண் அந்தக் கருவிக்கு, உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும், இருக்கிறதா என்று பாருங்கள். அம்மாநிலத்தில் 2021 ஜூலை 19 முதல் ஸ்மாக் எனப்படும் புகைப் பரிசோதனையிலேயே இசியூவின் மென்பொருளும் சரிபார்க்கப்படுகிறது.

வாரண்டி விஷயத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகள் நிலவுகின்றன. ட்யூன் போட்டாலே வாரண்டி முழுவதும் போய்விடும் என்பது ஒன்று. 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டத்தின்படி, வெளிப்பொருள் ஒன்றைப் பொருத்தியதாலேயே வாரண்டியை மறுத்துவிட முடியாது; பழுதுக்கு அதுவே காரணம் என்று காட்ட வேண்டும். ஆகவே ட்யூன் போட்ட வண்டியின் கதவுப் பூட்டு கெட்டால் கவலையில்லை. ஆனால் டர்போவோ பிஸ்டனோ போனால் காரணம் காட்டுவது வண்டி நிறுவனத்துக்குக் கடினமாக இராது. டீலரிடம் போகும் முன் பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது மற்றொன்று. பல இசியூக்கள் எத்தனை முறை எழுதப்பட்டன என்ற கணக்கை வைத்திருக்கின்றன, மென்பொருள் மாறியதைக் காட்டிக்கொடுக்கும் அளவுத்திருத்தச் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மறைக்க முயல்வதைவிட, எஃப்-150-இன் 5 ஆண்டு அல்லது 60,000 மைல் பவர்டிரெய்ன் (எஞ்சின், கியர்பாக்ஸ் முதலியவற்றுக்கான) வாரண்டி போன்றதொன்று முடியும்வரை பொறுத்திருக்கலாமா என்று யோசிப்பது நேர்மையானது.

மென்பொருளை எழுதும் அந்தச் சில நிமிடங்களில் வண்டியின் மின்சாரம் தடுமாறக் கூடாது. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் திருப்பிய நிலையில் விளக்குகளும் கணினிகளும் விசிறிகளும் பேட்டரியைத் தின்றுகொண்டே இருப்பதால், மின்னழுத்தம் பாதியில் சரிந்தால் இசியூ அரைகுறையாக எழுதப்பட்டு வண்டி உயிரற்றுப் போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய பேட்டரியோடு வீட்டு வாசலில் இதைச் செய்துவிட்டு, கடைசியில் வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி அனுப்பினார். மின்னழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பேட்டரி மெயின்டெய்னர் ஒன்றை இணைத்துக்கொண்டு, ரேடியோவையும் ஏசியையும் அணைத்து, போர்ட்டில் செருகியிருக்கும் மற்றக் கருவிகளை நீக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். பழைய மென்பொருளின் பிரதியைக் கருவி சேமித்துவிட்டதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். டீலர் இடையில் ஏதேனும் புதுப்பிப்பைப் போட்டால் உங்கள் ட்யூன் அழிந்துவிடும், சேமித்த பிரதியும் காலாவதியாகிவிடும். அப்போது பழைய ட்யூனை மீண்டும் ஏற்றாமல், கருவியைப் புதுப்பித்த பிறகே ஏற்ற வேண்டும்.

டயர் அளவை மாற்றியவர்கள் அதை ட்யூனரில் பதியத் தவறுகிறார்கள். 32 அங்குல டயருக்குப் பதில் 35 அங்குல டயர் போட்டால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 66 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கியர் மாறும் தருணங்களும் பிசகும்.

வண்டியை விற்கும் நாளில் நேரும் தவறு ஒன்று மிச்சம் இருக்கிறது. பெரும்பாலான கையடக்க ட்யூனர்கள் முதலில் எழுதிய வண்டியின் அடையாள எண்ணோடு பூட்டிக்கொள்கின்றன. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றி அந்தப் பூட்டை விடுவிக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டால், உங்கள் கையில் இருக்கும் கருவி வேறெந்த வண்டிக்கும் பயன்படாது. வாங்கியவரோ தன் டிரக் 93 ஆக்டேன் கேட்கிறது என்று அறியாமல் 87 நிரப்பிக்கொண்டிருப்பார்.