போஸ்ட்-பிளாக் மெட்டல்: சொந்த ஒலியைத் தேடும்போது சறுக்கும் இடங்கள்

கடும் ராக் வகையான பிளாக் மெட்டலின் வேகமும் அலறலும் கொஞ்சம், ஷூகேஸ் என்ற கனவு மாதிரியான ராக் பாணியின் மூடுபனி கிதார் கொஞ்சம், கலக்கினால் போஸ்ட்-பிளாக் மெட்டல். இப்படிச் சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பிக்கும் இசைக்குழுக்கள் ஏராளம். முதல் சறுக்கல் அங்கேதான்.

பிரான்சின் அல்செஸ்ட் இசைக்குழுவை எடுத்துக்கொள்வோம். நேஜ் என்ற புனைபெயரில் இயங்குபவர் தொடங்கியது. 2001இல் வந்த டெமோ (முன்னோட்டப் பதிவு) கரடுமுரடான பிளாக் மெட்டல்தான். 2007இல் முதல் முழு ஆல்பம் வந்ததும் ஷூகேஸின் தாக்கம் என்று எல்லாரும் எழுதினார்கள். நேஜோ, அந்தப் பாணியை அதற்கு முன் கேட்டதே இல்லை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் மனதுக்குள் கண்ட வேறோர் உலகத்தை இசையில் கொண்டுவர முயன்றார், ஒலி அப்படி அமைந்தது. பெயர் பிறகு ஒட்டியது. நாம் பெயரிலிருந்து பின்னோக்கி நடந்தால் அவர் பாட்டின் நகல்தான் கையில் மிஞ்சும்.

அடுத்தது, அமைதி-இரைச்சல்-அமைதி என்ற ஏற்பாடு. மூன்று நிமிடம் மெல்லிய கிதார், பிறகு பிளாஸ்ட் பீட் (டிரம்ஸின் அதிவேக அடி), மறுபடி மெல்லிய கிதார். இரண்டாவது பாட்டிலேயே கேட்பவருக்கு அடுத்து வருவது தெரிந்துவிடும். சான் பிரான்சிஸ்கோவின் டெஃப்ஹெவன் குழு 2013இல் வெளியிட்ட ‘சன்பேதர்’ ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேளுங்கள். எடுத்த எடுப்பிலேயே வேகம். ஆனால் கிதார் போவது மேஜர் சாயலில் (சங்கராபரணத்தின் சுரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்). வெறியோடு அடிக்கும் டிரம்ஸுக்கு மேல் ஏக்கம் மிதக்கிறது. மென்மைக்காக இரைச்சல் ஓயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அது இரைச்சலுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஆல்பத்திலிருந்து பலர் எடுத்துக்கொண்டது இதை அல்ல, அட்டையின் இளஞ்சிவப்பைத்தான்! அது சும்மா வைத்த நிறமும் இல்லை. வெயிலில் கண்மூடிப் படுத்திருக்கும்போது இமைக்குள் தெரியும் நிறம்.

குரல் விஷயத்தில் அவசரம் வேண்டாம். டெஃப்ஹெவன் பெரும்பாலும் அலறலை விட்டுப் பாடியது 2021இன் ‘இன்ஃபினிட் கிரானைட்’டில், அதாவது ஐந்தாவது ஆல்பத்தில். 2025இல் அலறல் திரும்பி வந்தது. அல்செஸ்ட்டும் ஐஸ்லாந்தில் பதிவுசெய்து 2014இல் வெளியிட்ட ‘ஷெல்ட்டர்’ ஆல்பத்தில் மெட்டலை அடியோடு விட்டுவிட்டு, 2016இல் கனத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர அவர்களுக்குச் சொந்தமாக ஓர் இடம் இருந்தது. முதல் டெமோவிலேயே இரண்டையும் பாதிப் பாதி வைத்தால் இரண்டுமே அரைவேக்காடு.

சரி, அதிகம் பேரைக் கவிழ்ப்பது ரிவெர்ப், அதாவது கிதார் ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் பெடல். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் அதை வைத்தால் எதிரொலியின் வால்களும் சேர்ந்து நசுங்கி, ஒலி ஒரு சுவராக எழும். பின்னால் வைத்தால் கிதார் தூரத்தில் கேட்கும், ஆனாலும் சுரம் பிரிந்து தெரியும். இரண்டுமே அழகுதான். இரண்டு கிதார்களும் முதல் வழியில் போனால்தான் வம்பு. ஒரே சுரத்தை வேகவேகமாக மீட்டும் டிரெமலோ பிக்கிங்கின் உயிரே பிக் (மீட்டும் வில்லை) கம்பியைக் கிள்ளும் ஒலி, அது கரைந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ‘ஊ’தான். விரல் நோக வாசித்ததெல்லாம் வீண். ஒருவர் சுவர் எழுப்பட்டும், இன்னொருவர் கிட்டத்தட்ட ரிவெர்ப் இல்லாமல் மெட்டைப் பிடிக்கட்டும். பாஸ் கிதாரும் அதே மெட்டைக் கீழே நகலெடுக்காமல் தனி வழி போனால், கிதாரின் கார்ட் (சுரக்கூட்டு) மாறாமலே பாட்டின் நிறம் மாறும்.

பயிற்சி அறையில் பிடித்துப்போன ரிவெர்ப் அளவை அப்படியே மேடைக்குக் கொண்டுபோவதும் தவறு. அறையில் பாயும் திரைச்சீலையும் ஒலியை விழுங்கிவிடும். அரங்கத்துக்கோ சொந்தமாகவே எதிரொலி உண்டு. சவுண்ட் செக்கில் முதலில் பெடலின் ரிவெர்ப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அப்புறம் ஒருவர் கீழே இறங்கிப்போய் அரங்கத்தின் கடைசி வரிசையில் நின்று கேட்க வேண்டும்.