கொடுவாக் குஞ்சு வளர்ப்பு: சிறுதொழில் சறுக்கும் இடங்கள்

சென்னையில் கொடுவா மீனுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. அதை நம்பி, எடுத்த எடுப்பிலேயே குளத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பெரிய மீனாக வளர்த்து விற்கக் கிளம்புவதுதான் முதல் தவறு. மீன் ஒரு கிலோவை எட்ட ஓராண்டு வரைகூட ஆகும். அதுவரை கொட்டும் தீவனத்திலேயே சிறு முதல் கரைந்துவிடும்.

சிறுதொழிலுக்கு ஏற்றது நடுவில் இருக்கும் வேலை. பொரிப்பகத்திலிருந்து ஓர் அங்குலக் குஞ்சை வாங்கி, வலைக்கூண்டில் மூன்று நான்கு அங்குலம் வரை வளர்த்துப் பண்ணைக்காரருக்குக் கொடுக்கலாம். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அதனால்தான் இந்தத் தொழிலே சாத்தியமானது. முட்டுக்காட்டில் அதன் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. பணம் போடுவதற்கு முன் அங்கே போய் விசாரிப்பது நல்லது.

குஞ்சு வளர்ப்பில் அதிக நட்டம் தருவது தரம் பிரிக்காமல் விடுவது. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளில் சில முந்திக்கொண்டு வளரும். அவை தம்மில் சிறியதை விழுங்கும். ஒரு குஞ்சு தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள இன்னொன்றையும் விழுங்கிவிடும். வலையில் செத்த மீன் எதுவும் மிதக்காது, எண்ணிக்கை மட்டும் குறையும். பலர் நோய் என்றும் திருட்டு என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். வாயில் பாதி உடல் நுழைந்த நிலையில், வால் மட்டும் வெளியே துடிக்கும் குஞ்சைக் கண்ட பிறகே உண்மை புரிகிறது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அளவுவாரியாகப் பிரித்துத் தனித்தனி வலைக்கூண்டில் விட வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். கூலி மிச்சம் பிடிக்க நினைக்கக் கூடாத வேலை இது.

அடுத்தது பரிசோதனை. வைரஸின் மரபணுவைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனைக்கான செலவைப் பலர் வீண் என்று கருதுகிறார்கள். கொடுவாக் குஞ்சைத் தாக்கும் நோடா வைரஸ் மூளையையும் கண்ணையும் அழிக்கும்; குஞ்சுகள் கறுத்து, சுழன்று சுழன்று நீந்தி மடியும். வந்தபின் மருந்து இல்லை. ஆகவே வாங்குவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். மாதிரி அனுப்புவதிலும் கவனம் தேவை: அழுகிய மீனும் ஃபார்மலினில் போட்ட மீனும் இந்தச் சோதனைக்கு உதவாது. உயிருள்ள குஞ்சையோ, 95 சதவீத எத்தனாலில் இட்ட குஞ்சையோ கொடுங்கள்.

நீரைச் சீராக வைக்க ஊற்றும் புரோபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிர். காலையில் நுண்ணுயிரைக் கொல்லும் குளோரினைப் போட்டுவிட்டு மாலையில் அதை ஊற்றினால் காசுதான் கரையும். கடைக்காரர் சொன்னார் என்று ஆன்டிபயாடிக் போடுவது அதைவிட மோசம். குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் போன்றவை மீன்வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை.

ஐப்பசி, கார்த்திகையில் முட்டுக்காடு, பழவேற்காடு பக்கம் குஞ்சு இறக்குவது துணிச்சல் அல்ல, அவசரம். கொடுவா நன்னீரிலும் வாழும் என்பது உண்மைதான். ஆனால் மழை வெள்ளத்தில் உப்பு திடீரென்று இறங்குவதைச் சிறு குஞ்சு தாங்காது. வெள்ளம் கூண்டையே கொண்டுபோய்விடவும் கூடும். பாசி அடைத்த வலையும் ஆபத்தானது. நீரோட்டம் நின்று, விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து, கூண்டு முழுவதும் ஒன்றாகச் சாகும்.

கடலோர மீன்வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். கடலோர மீன்வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-இல் வந்தது. 2023 திருத்தத்துக்குப் பிறகு குஞ்சு வளர்ப்பும் அதன் வரம்புக்குள் தெளிவாக வந்துவிட்டது. ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது.

வாங்குபவரைக் குஞ்சு இறக்குவதற்கு முன்பே பேசி முடித்து, எந்த அளவில், எந்த வாரத்தில் எடுப்பார் என்று எழுதி வாங்குங்கள். நான்கு அங்குலம் தாண்டியும் கூண்டில் நெருக்கிக் கிடக்கும் குஞ்சுக்குத் தீவனம் ஏறிக்கொண்டே போகும், விலை ஏறாது.