பத்தியத்தின் முதல் பத்து நாள்கள்: மனம் தளராமல் கடப்பது எப்படி?

எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் 'டயட்' என்ற சொல் புழக்கத்திற்கு வருவதற்கு வெகு காலம் முன்பே பத்தியம் என்ற சொல் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கும், மஞ்சள் காமாலை கண்டவருக்கும், நாட்டு மருந்து சாப்பிடுபவருக்கும் வீட்டிலுள்ளவர்கள் பத்தியம் பொங்கிப் போட்டார்கள். சாப்பிடுபவரின் மன உறுதியை மட்டும் நம்பி அந்தப் பத்தியம் நடக்கவில்லை. அவருக்காக அடுப்படியே மாறியது, புளியும் எண்ணெயும் அவர் கண்ணில் படாமல் ஒதுங்கின, யார் என்ன பரிமாறலாம் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது. இன்றைக்கு மருத்துவர், "சர்க்கரை ஏறுகிறது, எடையைக் குறையுங்கள்" என்று சொல்லி ஓர் உணவுத் தாளைக் கையில் கொடுத்தனுப்பினால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாம் தனியாளாக மல்லுக்கட்டுகிறோம். நான் இருமுறை அப்படி முயன்று, ஒருமுறை மூன்றாம் நாளிலும் மறுமுறை நான்காம் நாளிலும் கைவிட்டேன். மூன்றாவது முறை கடக்க முடிந்ததற்குக் காரணம், பசி வருவதற்கு முன்பே முடிவுகளை எடுத்து வைத்ததும், வீட்டைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டதும்தான்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும், இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுப்பவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று குறைக்கக் கூடாது. உணவு குறையும்போது மாத்திரையின் அளவும் மாற வேண்டியிருக்கும். உடல் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் அது வெறும் பசி அன்று. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கக்கூடும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சர்க்கரையைப் பத்தியம் முறிந்த கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தொடங்கும் நாள்

நல்ல நாள் பார்ப்பது போலவே இதற்கும் நாள் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆற்றங்கரையில் புளிச்சாதமும் தேங்காய்ச் சாதமும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு போய் உட்காரும் ஆடிப்பெருக்கை ஒட்டியோ, பொங்கலை ஒட்டியோ, வாரத்துக்கு இரண்டு பந்தி வரும் வைகாசி, ஆவணி முகூர்த்த நாள்களிலோ தொடங்கினால், முதல் வாரத்திலேயே வாய் தோற்றுவிடும். கல்யாணம் இல்லாத மார்கழி ஏற்ற மாதம். கோயில் பொங்கலை மட்டும் ஒரு கவளத்தோடு நிறுத்திக்கொள்ளப் பழக வேண்டும். வயலில் இறங்கி வேலை செய்பவர்கள் நடவு, அறுப்பு நாள்களைத் தவிர்த்து, வேலை சற்று ஓய்ந்திருக்கும் இடைவெளியில் தொடங்குவது நல்லது. வெயிலில் குனிந்து நிமிரும் வேலையையும் சோறு குறைந்த வயிற்றையும் உடல் ஒரே வாரத்தில் தாங்காது.

உடம்புக்குள் நடப்பது

முதல் நாள் பெரும்பாலும் எளிதாகவே கழியும், ஏனென்றால் உற்சாகம் புதியதாக இருக்கும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைதான் கடினம். அப்போது உடலில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால், பாதிப் பயம் போய்விடும். நாம் சாப்பிடும் சோற்றின் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற மாவுப் பொருளாகச் சேமித்து வைக்கின்றன. ஏறத்தாழ அரைக் கிலோ அளவுக்கு இருக்கும் இந்தச் சேமிப்பு, ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோறு குறைந்ததும் சேமிப்பு கரைந்து தண்ணீரும் வெளியேறுவதால், முதல் நான்கு நாள்களிலேயே எடை ஒன்று அல்லது இரண்டு கிலோ குறைந்தது போல் காட்டும். ஐந்தாம், ஆறாம் நாளில் எடை அப்படியே நிற்கும்போது, "இத்தனை பட்டினி கிடந்தும் பயனில்லையே" என்று மனம் உடைந்துவிடுகிறது. உண்மையில் கொழுப்பு கரைவது மெதுவாகத்தான் நடக்கும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்திற்கு அரைக் கிலோ அளவுக்கே கரையும்.

ஆகவே எடை பார்க்கும் இயந்திரத்தை முதல் நாள் ஒருமுறை பார்த்துவிட்டுப் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். பத்தாம் நாள் வரை இறக்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு நூலை எடுத்து, தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி, இரு முனையும் சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு வையுங்கள். நம் நாட்டவருக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்ற சுற்றளவைத் தாண்டினால் சர்க்கரை, இதய நோய்களுக்கான வாய்ப்பு கூடும் என்பது மருத்துவர்களின் கணக்கு என்பதால், எடையைக் காட்டிலும் இந்த நூல் நமக்கு நெருக்கமான செய்தியைச் சொல்லும். எனக்கு முதலில் நம்பிக்கை தந்தது இயந்திரம் அன்று, அரைஞாண் கயிறுதான். எட்டாம் நாள் குளித்துவிட்டுத் துவட்டும்போது, எப்போதும் இடுப்பில் பதிந்து தடம் விட்டிருந்த கயிறு சற்றுத் தளர்ந்து கீழிறங்கியிருந்தது.

இரண்டாம் நாள் மாலையில் தலைவலியும், எழுந்து நிற்கும்போது ஒரு கிறுகிறுப்பும் வரலாம். சோறு குறைந்து இன்சுலின் சுரப்பு தாழும்போது, சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக உப்பை வெளியேற்றுவது இதற்கு ஒரு காரணம். உப்புப் போட்டு நீர்க்கப் பெருக்கிய மோர் இரண்டு தம்ளர் குடித்தால் பலருக்கு இது தணியும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் உப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றொரு காரணம் காபி. கும்பகோணத்துக் கள்ளிச்சொட்டுக் காபியில் வளர்ந்த நம்மில் பலர், பத்தியம் தொடங்கும் அன்றே காபியையும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திய 12 மணி முதல் 24 மணி நேரத்திற்குள் தலைவலி தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட நீடிக்கும். அந்த வேதனையைப் பத்தியத்தின் மேல் ஏற்றி, "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரே வாரத்தில் இரண்டு போர்களைத் தொடங்காதீர்கள். காபியை அரைத் தம்ளராகச் சர்க்கரை இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் கசக்கும், பிறகு பாலின் இனிப்பே நாக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

பசியைப் பற்றி ஒன்று. அது நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போவதில்லை, அலை போல வந்து போகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு, நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி உயர்ந்து, சாப்பிடாவிட்டாலும் சற்று நேரத்தில் தாழ்ந்துவிடும். எனக்கு அந்த அலை காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கரை மணிக்கும் வந்தது. நான்கரை என்பது எங்கள் தெருமுனைக் கடையில் வாழைக்காய் பஜ்ஜி போடும் நேரம். மூன்று நாள் குறித்து வைத்துப் பார்த்தபின், நான்கு மணிக்கே வாய்க்கால் கரையோரம் நடக்கக் கிளம்பிவிட்டேன். திரும்பி வரும்போது அலை அடங்கியிருந்தது.

எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கிறதே என்று வெட்கப்படவும் வேண்டாம். 1944, 1945 ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து பல மாதங்கள் அரைப்பட்டினி இருந்த ஆய்வில், அவர்களில் சிலர் சமையல் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கும் அளவுக்கு உணவே அவர்கள் சிந்தையை நிறைத்திருந்தது. நல்ல உடல்நலமும் கொள்கைப் பற்றும் உள்ளவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தும் அப்படித்தான் ஆனது. உணவு குறையும்போது மூளை உணவைத் தேடுவது அதன் இயல்பு. வயிற்றைக் காயப்போடும் பத்தியம் நிலைக்காது என்பதையும் அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுப்படியும் இலையும்

நம் சாப்பாட்டில் சோறு மூன்று சுற்று வரும்: குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. சோற்றைக் குறைக்க வேண்டும் என்றவுடன் மூன்று சுற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க முயல்பவர்கள், ஒவ்வொரு சுற்றிலும் தன்னோடு பேரம் பேச வேண்டியிருக்கிறது. அதைவிட ஒரே சுற்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தம்ளருக்கு மாற்றுவது எளிது. முதலில் வாழைத்தண்டுக் கூட்டு, கொத்தவரங்காய்ப் பொரியல், கீரை ஆகியவற்றை வயிறு பாதி நிறையும் வரை சாப்பிடுங்கள். அடுத்துக் குழம்போடு அளந்து வைத்த சோறு. பிறகு ரசத்தைத் தம்ளரில் சூடாகவும் கடைசியில் மோரையும் குடியுங்கள். மூன்று சுவையும் வரிசை மாறாமல் வந்துவிடுவதால், சாப்பாடு முடிந்தது என்று மனம் ஒப்புக்கொள்கிறது.

பயறுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னதாக, வயல் ஈரத்திலேயே தெளித்து விளைவிக்கும் உளுந்தும் பச்சைப்பயறும் வீட்டிலேயே இருக்கும். பச்சைப்பயற்றுச் சுண்டலோ, ஒரு முட்டையோ, நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்திக் குழம்பில் இரண்டு துண்டு மீனோ இருந்தால், அந்த வேளைக்குப் பிறகு பசி தாமதமாகவே திரும்பும். பாரம்பரிய நெல்லைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நெல் ஜெயராமன் மீட்டுப் பரப்பிய மரபு விதைகளின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் தீட்டாமல் சாப்பிட்டால் நார்ச்சத்து கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அதுவும் சோறுதான். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி இருக்கிறதென்றால், சிவப்பரிசிச் சோற்றிலும் பெரிய வேறுபாடு இல்லை. அளவை மறந்து வயிறார உண்டால் எடை குறையாது.

இனி, பரிமாறும் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் முயற்சியின் மூன்றாம் நாள் மதியம், அம்மா சோற்றுக் கரண்டியோடு வந்து, "ரசத்துக்கு ஒரே ஒரு கரண்டிடா தம்பி" என்றார். நான் இரண்டு கைகளாலும் இலையை மறைத்தேன். கரண்டியிலிருந்து இரண்டு பருக்கை என் புறங்கையில் விழுந்தது. அம்மா எதுவும் பேசாமல் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரவில் நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன், பசியால் அன்று, அந்த முகத்தைப் பார்க்க முடியாமல். மூன்றாவது முயற்சிக்கு முதல் நாளே அம்மாவிடம் மருத்துவரின் தாளைப் படித்துக் காட்டி, "என் பத்தியத்தை நீங்களே வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் அலமாரியிலிருந்து பழைய பித்தளைக் கிண்ணம் ஒன்றைத் தேடி எடுத்துப் புளி போட்டு விளக்கி, அன்று முதல் அதில் தலை தட்டி அளந்தே சோறு போட்டார். நான் ஐந்தாம் நாள் இன்னும் கொஞ்சம் கேட்டபோது தரவும் இல்லை. உங்கள் வீட்டில் பரிமாறுபவர் தாயோ, மனைவியோ, கணவரோ, மருமகளோ யாராக இருந்தாலும், தொடங்கும் முன்பே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மறுக்கும் வேலையை அவரிடம் ஒப்படையுங்கள்.

வெளியே போகும் இடங்களில் சொல் முக்கியம். "டயட்டில் இருக்கிறேன்" என்றால், "ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்ற பதில் வரும். "பத்தியம், மருத்துவர் சொல்லியிருக்கிறார்" என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் வற்புறுத்துவதில்லை, மோரோ வெந்நீரோ கொண்டுவந்து வைப்பார்கள். தவிர்க்க முடியாத கல்யாணமாக இருந்தால், முகூர்த்தத்துக்குப் போய் அட்சதை போட்டு, மொய் எழுதி, தாம்பூலப் பையோடு கிளம்பிவிடலாம். திருவையாறு வழியாகப் போகும் நாளில் அசோகா அல்வாவின் நெய் மணம் பேருந்து வரை வரும் என்பதால், பையில் ஒரு டப்பா சுண்டல் இல்லாமல் நான் அந்தப் பக்கம் போவதில்லை. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்துச் சீக்கிரம் படுத்துவிடுங்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும்.

தவறிவிட்டால்

ஆறாம் நாள் ஓர் அலுவலக விடைபெறு விழாவில் நான் இரண்டு போண்டாவும் ஒரு ஜாங்கிரியும் சாப்பிட்டுவிட்டேன். முன்பெல்லாம் அப்படி நேர்ந்தால், "இன்றைக்குத்தான் கெட்டுவிட்டதே, அடுத்த திங்கட்கிழமை தொடங்கலாம்" என்று இரவும் மறுநாளும் சேர்த்துச் சாப்பிடுவேன். இரண்டு போண்டாவால் வந்த கேட்டைவிட அந்த எண்ணத்தால் வந்த கேடு பெரிது. இலண்டனில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது; ஆளைப் பொறுத்து அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனவே திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் அடுத்த வேளையிலேயே அளந்த சோற்றுக்குத் திரும்புங்கள். ஈடு கட்டுவதற்காக அந்த வேளையைப் பட்டினி போடவும் வேண்டாம். போட்டால் மாலை நான்கரை மணி அலை இரட்டிப்பாக வரும். மயக்கம், படபடப்பு, நிற்காத வாந்தி வந்தால் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

பத்தாம் நாள் காலை, வெறும் வயிற்றில் அந்த நூலை எடுத்து முதல் நாள் சுற்றிய அதே இடத்தில் சுற்றிப் பாருங்கள். பழைய முடிச்சுக்கு உட்புறமாகப் புது முடிச்சு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தாலும் போதும். பழையதை அவிழ்க்காமல் இரண்டையும் அப்படியே வைத்திருங்கள். பிறகு, பரிமாறுபவரோடு உட்கார்ந்து, அடுத்த பத்து நாளுக்குக் கிண்ணத்தின் அளவு இதுவே இருக்கட்டுமா, எந்த நேரத்துப் பசி இன்னும் அடங்கவில்லை, அந்த நேரத்துக்கு என்ன செய்து வைக்கலாம் என்பதை அன்று காலைச் சாப்பாட்டுக்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்.