40 பக்க 'அடமானக் கடிதம்'

ஜெர்மன் வங்கி ஆவணங்களை மொழிபெயர்க்க வரும் புதியவர்களின் பிரதிகளைத் திருத்துவது இப்போது என் வேலை. 'ஃபாண்ட்பிரீஃப்' என்ற சொல் வரும் பக்கத்தைத் திருப்பும்போதே வயிற்றைக் கலக்குகிறது. எழுத்துப்பிழைகளை அகராதி பார்த்துக்கொள்ளும், அவற்றை விடுகிறேன்.

பிரீஃப் = கடிதம்

ஃபாண்ட் என்றால் அடமானம், பிரீஃப் என்றால் கடிதம். ஆகவே 'அடமானக் கடிதம்'. என் முதல் வேலையில் 40 பக்கம் இப்படியே எழுதிக் கொடுத்தேன். அத்தனையும் திரும்பி வந்தது. கூலியில்லாமல் மறுபடி எழுதினேன். போன வாரம் ஒரு மாணவர் அதே கடிதத்தை என்னிடமே நீட்டுகிறார்.

'குறுகியது' என்ற லத்தீன் சொல்லின் வழியில் வந்தது பிரீஃப். ஜெர்மனில் அதன் பழைய பொருள் எழுதிவைத்த ஆவணம். கடிதம் என்ற பொருள் பிற்பாடு ஓங்கியது. 'ஷூல்ட்பிரீஃப்' இன்றும் கடன் பத்திரம்தான். நம் ஓலையும் இப்படித்தானே? தூது போனதும் ஓலை, சுந்தரரை வழக்குக்கு இழுத்ததும் ஓலை.

ஏழாண்டுப் போருக்குப் பின் நொடித்துக் கிடந்த சிலேசிய நிலவுடைமையாளர்களுக்குக் கடன் கிடைக்க, பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் 1769இல் ஆணையிட்டார். அவர்களின் கடன் சங்கம் வெளியிட்ட தாளில் அடமானப் பண்ணையின் பெயரே இருந்தது. கைமாறி விற்கப்பட்ட அந்தத் தாள்தான் ஃபாண்ட்பிரீஃப். வெறும் 'அடமானப் பத்திரம்' என்றாலும் கடன் வாங்கியவர் எழுதிக் கொடுத்ததாகிவிடும். நான் 'அடமான ஈட்டுக் கடன்பத்திரம்' என்றே எழுதுகிறேன்.

பங்குச் சந்தைப் பக்கங்களில் இது இன்னும் மோசம். அங்கே வாங்குபவர் தரும் விலை 'கெல்ட்', அதாவது பணம். விற்பவர் கேட்கும் விலை 'பிரீஃப்'. ஒருவர் கையில் பணம், மற்றவர் கையில் தாள். இதைக் 'கடித விலை' என்று ஒருவர் எழுதியிருந்தார். தபால் தலையா விற்கிறார்கள்?

ஃபாண்ட் = பாட்டில் காசு

காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் 25 சென்ட்டும் ஃபாண்ட்தான். அதைக் கடையோடு விட்டுவிடுங்கள்.

ஷீரோகொன்டோ

அன்றாட வரவுசெலவுக்கான வங்கிக் கணக்கு இது. ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்று எழுதியவர்கள் உண்டு. ஷீரோ, கொன்டோ இரண்டும் இத்தாலியிலிருந்து வந்தவை: சுற்று, கணக்கு. பணம் கணக்குக்குக் கணக்கு சுற்றுகிறது.

பாங்க்

வங்கிக்கும் பெஞ்சுக்கும் இதே சொல்தான். பன்மையைப் பாருங்கள். 'பாங்கன்' வங்கிகள்; 'பெங்கெ' பெஞ்சுகள்.