கண்புரை ஆபரேஷன்: ஈப்போவுக்குப் போகுமுன்

மலேசியாவில் ஈப்போ பக்கம் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்குக் கல்யாணம் கட்டி வந்த புதிதில் எனக்கு நோட்டுகளின் நிறமே பெரிய பாடமாக இருந்தது. ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டு நீலம், ஐம்பது வெள்ளி நோட்டு பச்சை கலந்த நீலம். குழம்பியது நான் மட்டுமல்ல. இங்கேயே பிறந்த என் மாமியார் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கீரைக்கு மூன்று நீல நோட்டு எண்ணிக் கொடுத்துவிட்டு நடக்க, கீரைக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். மூன்றில் ஒன்று ஐம்பது! வயசாகிவிட்டது என்று சிரித்தோம். கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து, நீலம் மங்கிப்போயிருந்ததை யாரும் யோசிக்கவில்லை. லென்ஸ் இப்படி மங்குவதுதான் கண்புரை.

உங்களுக்கோ, பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கோ பார்வை மங்கினால் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வெயிலிலும் தூசியிலும் வேலை செய்தவர்களுக்குக் கண்ணின் வெள்ளையிலிருந்து கருவிழி மேல் சதை வளரும். அதையும் இங்கே பலர் புரை என்றே சொல்கிறார்கள். அது வேறு, அதற்கான ஆபரேஷனும் வேறு. கண்ணாடிக்கடையில் புது கண்ணாடி போட்டே சரியாகும் மங்கலும் உண்டு. புரையைக் கரைக்கிறேன் என்று விற்கும் சொட்டு மருந்துக்குக் காசு கொடுக்காதீர்கள். அப்படி ஒரு மருந்து இதுவரை இல்லை.

புரைதான் என்று டாக்டர் சொன்னாலும் பெரும்பாலும் அவசரமில்லை. எதிரே வரும் லோரியின் விளக்கு கண்ணைக் கூசுகிறதா, படியில் கால் தடுக்குகிறதா, வேலை கெடுகிறதா என்று பாருங்கள். கெடுகிறது என்றால் அதுதான் நேரம். “புரை முத்தட்டும்” என்பது பழைய காலத்துப் பேச்சு. இப்போது சிறு துளை வழியே அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சுகிறார்கள். முற்றிக் கல்லானால் உடைப்பதுதான் கஷ்டம்.

எங்கே செய்வது? குடியுரிமை உள்ளவர்களுக்கு வழி சுலபம். இங்குள்ள அரசு கிளினிக்கில் சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) வாங்கிக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குப் போகலாம். கட்டணம் சொற்பம், காத்திருப்பு நீளம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் நமக்கு அதே ஆஸ்பத்திரியில் மானியம் இல்லாத கட்டணம், முன்பணமும் கட்ட வேண்டும். முதலாளி எடுத்த காப்பீடு இதற்குக் கைகொடுக்கும் என்று நம்பி உட்காராமல் எழுத்தில் கேட்டுவிடுங்கள். தனியாரில் சில ஆயிரம் வெள்ளி ஆகும். பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசிய கண் மருத்துவமனை இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் இங்கிருந்து போய்வர ஒரு நாள் போய்விடும்.

ஊருக்கே போய்ச் செய்யலாமே என்பார்கள். 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும்போது அது நியாயமான யோசனைதான். ஒரு வார லீவில் முடித்துவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். மறுநாள், ஒரு வாரத்தில், பிறகு ஒரு மாதம் போல என்று திரும்பத் திரும்பக் காட்ட வேண்டியிருக்கும். எனக்குப் பெயர் பெற்ற டாக்டரைவிட, திரும்பிப் போய்க் காட்ட முடிகிற டாக்டர் மேல்.

டாக்டரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவிலும், சிறப்பு மருத்துவர்களுக்கான தேசியப் பதிவேட்டிலும் இணையத்தில் பார்த்துவிடலாம். பிறகு நேரில் கேளுங்கள்: கத்தி வைப்பது நீங்கள்தானா, வேறொருவரா? சொன்ன தொகையில் லென்ஸ், சொட்டு மருந்து, பிறகு வந்து காட்டுவது எல்லாம் சேர்த்தியா? ராத்திரி கண் வலித்தால் யாரைக் கூப்பிடுவது? இதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் மாமியாரின் கண்ணை அளக்குமுன்பே விலை கூடிய லென்ஸின் படத்தைக் காட்டினார்கள். தூரம், கிட்டம் இரண்டுக்கும் கண்ணாடி வேண்டாம் என்று சொன்னவர்கள், அந்த வகையில் இரவு விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம் என்று சொல்லவில்லை. சாதாரண லென்ஸ் வைத்துக்கொண்டு படிக்க மட்டும் கண்ணாடி போடுவதில் ஒரு குறையும் இல்லை.

இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கெட்டிருந்தால் புரையை எடுத்தும் எதிர்பார்த்த வெளிச்சம் வராது. ஆண்கள் சிறுநீர் சரியாகப் போக டாம்சுலோசின் சாப்பிட்டால், நிறுத்தியிருந்தாலும், மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபரேஷனில் கண்மணி தளர்ந்து சுருங்கி டாக்டருக்குத் தொல்லை கொடுக்கும் மருந்து அது.

ஆபரேஷன் பெரும்பாலும் அரை மணிக்குள் முடியும். கஷ்டமெல்லாம் அதன் பிறகுதான். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறவர் அண்ணாந்துதானே பார்க்க வேண்டும்? மேலிருந்து கொட்டும் தூசி நேரே கண்ணில். அதனால் எத்தனை வாரம் லீவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, மண்டோரிடம் (மேஸ்திரியிடம்) முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, கண்ணைக் கசக்குவது, மூட்டை தூக்குவது எல்லாம் தாதி சொல்லும் நாள்வரை வேண்டாம். கண் சிவந்து, வலித்து, தெரிந்த பார்வையும் குறைந்தால் அது கிருமியாக இருக்கலாம். காலை பஸ்ஸுக்குக் காத்திராமல் ராத்திரியே கார் பிடித்து அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.